மசித்து வறுத்த பீன்ஸும் அதற்கேற்ற கொழுப்பும்

மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் காலையில் முட்டையோடும் இரவில் மக்காச்சோள ரொட்டியோடும் தட்டில் ஒரு கரண்டியாவது இருந்தே தீரும் உணவு ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிதோஸ். உலர்ந்த பீன்ஸ் விதையைக் குழைய வேகவைத்து, வெந்த நீரோடு சேர்த்து மசித்து, காய்ந்த கொழுப்பில் கெட்டிப்படும்வரை கிளறி எடுப்பது இது. ரீஃப்ரைடு பீன்ஸ் என்ற ஆங்கிலப் பெயரைக் கொண்டு இருமுறை வறுப்பதாக நினைப்பவர்கள் உண்டு. வறுப்பது ஒரே முறைதான். பீன்ஸ், அது வெந்த நீர், வெங்காயம், உப்பு, கொழுப்பு ஆகிய ஐந்தில் வேலை முடிந்துவிடுகிறது. இவ்வளவு குறைந்த பொருளில் அமையும் உணவில் ஒவ்வொன்றின் தரமும் நாக்கில் தெரியும். அதிலும் கொழுப்பை மாற்றினால் மணம், நிறம், ஆறியபின் இறுகும் விதம் எல்லாமே மாறும். ஒரே பானைப் பீன்ஸை நான்கு பங்காக்கி நான்கு கொழுப்பில் வறுத்தால் நான்கு வேறு பண்டங்கள் கிடைக்கும்.

பீன்ஸ் அந்த மண்ணின் பழம்பயிர். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் கலந்து விதைக்கும் மில்பா என்னும் முறை ஸ்பானியர் வருவதற்கு மிக முன்பே அங்கு வேரூன்றியிருந்தது. ஆனால் வறுத்த பீன்ஸ் அவ்வளவு பழமையானது அல்ல. 1521இல் அஸ்டெக் தலைநகரான தெனோச்டிட்லான் ஸ்பானியர் வசம் விழும்வரை அங்கே பன்றி கிடையாது, மாடு கிடையாது, ஆலிவ் மரமும் கிடையாது. வான்கோழியும் நாயும் வளர்த்தார்கள். ஆனால் பொரிக்கவும் தாளிக்கவும் போதுமான கொழுப்பு எதிலிருந்தும் வரவில்லை. சுடுவது, அவிப்பது, வேகவைப்பது, கல்லில் வாட்டுவது ஆகியவையே அந்தச் சமையலின் முறைகள். பீன்ஸ் மண்பானையில் வெந்தது, அப்படியே உண்ணப்பட்டது. கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில், 1493இல், கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுவந்த பன்றிகளின் வழிவந்தவை பின்னர் பெருநிலத்துக்கும் பரவின. எதையும் தின்று வேகமாகப் பெருகும் விலங்கு அது. ஸ்பெயினிலிருந்து கப்பலில் வரவேண்டிய ஆலிவ் எண்ணெய் விலை உயர்ந்தது. பன்றிக்கொழுப்பு கொல்லையிலேயே கிடைத்தது. உள்ளூர் பீன்ஸும் வந்தேறிய கொழுப்பும் சேர்ந்து பிறந்த இந்த உணவு, காலனிக் காலத்தின் பிள்ளை.

எந்தப் பீன்ஸ் என்பது ஊரைப் பொறுத்தது. வடக்கு மாநிலங்களிலும் எல்லை தாண்டி டெக்சாஸிலும் புள்ளிபோட்ட பிண்டோ. நடு மெக்சிகோவில் வெளிர்பழுப்பான பாயோவும் இளஞ்சிவப்பான ஃப்ளோர் தெ மாயோவும். மேற்கில் மஞ்சள் நிறப் பெருவானோ. வெராக்ரூஸ், வஹாக்கா, யுகடான் என்று தெற்கே போனால் கறுப்புப் பீன்ஸ்தான் அரசு. தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் விற்கும் ராஜ்மாவும், காய்கறிக் கடையில் பச்சையாக வாங்கும் பீன்ஸும் தாவர இனத்தில் இவற்றின் உடன்பிறப்புகளே. தோல் மெல்லிய, வெளிர்நிறச் சித்ரா ராஜ்மா பிண்டோவுக்குப் பதிலாக நன்றாகவே ஒத்துப்போகும். அடர்சிவப்பு ராஜ்மாவின் தோல் தடித்தது. மசித்தபின் வடிகட்டினால்தான் அது வழுவழுப்பாகும்.

வறுக்கும் வேலைக்கு முன் வேகவைக்கும் வேலை. 500 கிராம் உலர்ந்த பீன்ஸ் வெந்தபின் ஏறத்தாழ 1.2 கிலோ ஆகும். இரவு முழுக்க உப்பு நீரில் ஊறவைத்தால் தோல் சீராக மெத்தாகும். உப்பிலுள்ள சோடியம், தோலின் பெக்டினை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தின் இடத்தை எடுத்துக்கொள்வதே காரணம். உப்பு போட்டால் பருப்பு வேகாது என்ற பழைய எச்சரிக்கை பீன்ஸுக்குப் பொருந்தாது. வேகவிடாமல் தடுப்பவை வேறு: தக்காளி, புளி, எலுமிச்சை போன்ற புளிப்புகள், கடினநீர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய சரக்கு. வெப்பமும் ஈரமும் உள்ள கிடங்கில் நெடுநாள் கிடந்த பீன்ஸ் எத்தனை விசில் விட்டாலும் நடுவில் மாவுத்தன்மை மாறாமல் நிற்கும். அதை எந்தக் கொழுப்பாலும் மீட்க முடியாது.

ஒரு எச்சரிக்கை அவசியம். பீன்ஸ் விதையில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில், ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. சரியாக வேகாத பீன்ஸ் சில மணி நேரத்தில் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதித்தாக வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிடம் கொதிக்கச் சொல்கிறது. கொதிநிலையை எட்டாமல் மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வைக்கும் மின்பானைகளில் பச்சைப் பீன்ஸ் விதையை நேராகப் போடக் கூடாது. பிரஷர் குக்கரில் இந்தக் கவலை இல்லை.

வேகும்போது அரை வெங்காயமும் இரண்டு பல் பூண்டும் போடுவது வழக்கம். கறுப்புப் பீன்ஸுக்கு இறக்கும் தறுவாயில் எபசோட்டே என்ற காரமணக் கீரையின் ஒரு கொத்து சேரும். அது கிடைக்காத ஊரில் விட்டுவிடுவதே நல்லது. ஓமமோ பெருங்காயமோ போட்டால் மணம் வேறு திசைக்குப் போய்விடும். பீன்ஸை விரல்களுக்கிடையே அழுத்தினால் தடையின்றி நசுங்க வேண்டும். வெந்த நீர் ஒரு துளியும் வீணாகக் கூடாது. கரைந்த மாவுச்சத்தும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. வெறும் தண்ணீர் விட்டு மசித்த பீன்ஸ் சப்பென்று இருப்பதன் காரணம் அதுவே.

இனி கொழுப்பு என்ன செய்கிறது என்று பார்க்கலாம். வெந்த பீன்ஸை மசிக்கும்போது அதன் செல்கள் பெரும்பாலும் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. உடைந்த சில செல்களிலிருந்து வெளிவரும் மாவுச்சத்து மசியலைக் கெட்டியாக்குகிறது. கொழுப்பு இல்லாமல் இந்த மசியலை அடுப்பில் வற்றவைத்தால் நாக்கில் ஒட்டும் களியாகும். கொழுப்பு சேரும்போது, நுண்துளிகளாகப் பிரிந்து செல்களுக்கும் மாவுச்சத்துக்கும் இடையே புகுந்து கொள்கிறது. ஒட்டும் தன்மை குறைந்து வழுக்கும் தன்மை கூடுகிறது. துளிகள் மீண்டும் ஒன்றுசேராதபடி பீன்ஸின் புரதமும் மாவுச்சத்தும் தாங்கிப் பிடிக்கின்றன. அளவு மீறிக் கொழுப்பு ஊற்றினாலோ நீர் முற்றும் வற்றினாலோ அந்தப் பிடி தளர்ந்து, ஓரங்களில் எண்ணெய் கக்கி நிற்கும். அப்போது இரண்டு கரண்டி பீன்ஸ் நீர் விட்டுக் கிளறினால் திரும்பக் கூடிக்கொள்ளும்.

மணத்தைச் சுமப்பது கொழுப்பின் இன்னொரு வேலை. வெங்காயம், பூண்டு, மிளகாய் மூன்றின் மணப்பொருள்களும் காரப்பொருளும் நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரைபவை. அதனால்தான் வெங்காயம் முதலில் கொழுப்பில் விழுகிறது, பீன்ஸ் பிறகு வருகிறது. மூன்றாவது, வறுத்த சுவை. நீர் இருக்கும்வரை மசியலின் சூடு 100 பாகையைத் தாண்டாது. சட்டியின் அடியில் ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டும் நீர் வற்றி, அங்கே பீன்ஸின் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பேறுகின்றன. அதைச் சுரண்டிக் கலந்து, மறுபடி ஒட்டவிட்டு, மறுபடி சுரண்டுவதே இந்தச் சமையலின் நுட்பம். ஒட்டாத பூச்சுள்ள தவாவில் இந்தப் பழுப்பு சரியாக உருவாகாது. கனத்த இரும்புச் சட்டி மேல்.

புகையும் வெப்பநிலை பற்றிச் சமையல் நூல்கள் அளவுக்கு மீறி அச்சுறுத்துகின்றன. வெண்ணெய் 150 பாகை செல்சியஸை ஒட்டிப் புகையும். பன்றிக்கொழுப்பு 190ஐ ஒட்டி. சுத்திகரித்த எண்ணெய்களில் பல 220ஐத் தாண்டும். ஆனால் இந்த உணவில் கொழுப்பு தனியாகக் காய்வது வெங்காயம் வதங்கும் சில நிமிடங்கள்தான். பீன்ஸ் விழுந்தவுடன் சூடு இறங்கிவிடுகிறது. ஆகவே எதைத் தேர்வது என்பதை மணத்தையும், அறையின் வெப்பத்தில் அது இறுகுமா என்பதையும் வைத்து முடிவு செய்வதே பொருத்தம்.

பன்றிக்கொழுப்பு இந்த உணவுக்கு மூலக்கொழுப்பு. மெக்சிகோவில் அது இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒன்று, பச்சைக் கொழுப்பை மெல்லிய தீயில் உருக்கி வடித்த வெள்ளை வகை. மணம் குறைவு, பதம் மென்மை. மற்றது, மிச்சோவாகான் மாநிலத்தின் புகழ்பெற்ற கார்னிதாஸ் கடைகளில் இறைச்சித் துண்டங்களைத் தாமிர அண்டாவில் மணிக்கணக்காகக் கொழுப்பிலேயே வேகவைத்தபின் மிஞ்சும் பழுப்பு வகை. இறைச்சியின் வறுத்த சாறும் உப்பும் அதில் இறங்கியிருக்கும். பீன்ஸுக்கு இந்தப் பழுப்புக் கொழுப்புக்கு நிகர் இல்லை. வஹாக்காவில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். பன்றித்தோல் வறுத்த அண்டாவின் அடியில் தங்கும் கருமையான கசண்டை அசியெந்தோ என்று சொல்லி விற்கிறார்கள். தட்டையான பெரிய த்லாயுதா ரொட்டியின்மேல் முதலில் அது, அதற்கு மேல் கறுப்புப் பீன்ஸ் மசியல்.

வீட்டில் உருக்குவது கடினமல்ல. வெண்பன்றி இறைச்சி விற்கும் கடையில் முதுகுக் கொழுப்பு அல்லது சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு கேட்டால் கிடைக்கும். சிறு துண்டுகளாக நறுக்கி, அடி பிடிக்காமல் இருக்க அரை டம்ளர் தண்ணீர் விட்டு, குறைந்த தீயில் வைக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகித் துண்டுகள் தம் கொழுப்பிலேயே மிதக்கத் தொடங்கும். துண்டுகள் வெளிர்பொன் நிறத்தில் இருக்கும்போதே வடித்தால் வெள்ளை வகை. நன்கு சிவக்கவிட்டு, கடைசியில் ஒரு துண்டு இறைச்சியும் வெங்காயமும் போட்டு வறுத்து வடித்தால் பழுப்பு வகைக்குக் கிட்டத்தட்ட வரும். குளிர்பெட்டியில் பல வாரம் கெடாது. சென்னை வெயிலில் வெளியே வைத்தால் பாதி உருகிச் சிக்கு வாடை பிடிக்கும். அயல்நாட்டுப் பேரங்காடிகளில் அறை வெப்பத்தில் கட்டியாக விற்கும் பன்றிக்கொழுப்பு பெரும்பாலும் ஹைட்ரஜன் ஏற்றப்பட்டு மணம் நீக்கப்பட்டது. அதற்குக் கொடுக்கும் காசு தண்டம்.

புகையிட்ட பன்றியிறைச்சியான பேக்கனை வறுத்தபின் சட்டியில் தங்கும் கொழுப்பு அமெரிக்க வீடுகளில் பரவலாகப் பயன்படுகிறது. உப்பும் புகைமணமும் அதிலேயே இருப்பதால் தனியாக உப்பிடும் முன் ருசி பார்க்க வேண்டும். பிண்டோவுக்கு அது பொருந்தும். கறுப்புப் பீன்ஸின் தனிச்சுவையை அமுக்கிவிடும். சொரிசோ என்ற மிளகாய்த் தொத்திறைச்சியை வறுத்தால் செம்மஞ்சள் கொழுப்பு கசியும். சினலோவா மாநிலத்தின் ஃப்ரிஹோலெஸ் புவேர்கோஸ் என்ற விருந்துப் பீன்ஸில் சொரிசோ, பன்றிக்கொழுப்பு, சீஸ், ஊறுகாய் மிளகாய் எல்லாம் சேர்கின்றன. திருமண வீட்டுத் தட்டுக்கு உரியது அது, அன்றாடத்துக்கு அல்ல. மாட்டுக்கொழுப்பு உருகும் வெப்பம் 40 பாகைக்கு மேல் என்பதால் உணவு சற்று ஆறினாலும் மேல்வாயில் மெழுகாகப் படியும். கோழிக்கொழுப்பு அப்படிப் படியாது. மென்மையான கறிமணம் உடையது. பன்றியிறைச்சி உண்ணாத அசைவ வீடுகளுக்கு அதுவே முதல் தேர்வு. தோலோடு வாங்கும் நாட்டுக்கோழியிலிருந்து தேவையான அளவு எடுத்துவிடலாம்.

வெண்ணெய் வடக்கே, மாடு மேய்க்கும் நாடான சொனோராவில் உரிமையோடு நுழைகிறது. அங்கே ஃப்ரிஹோலெஸ் மனேயாதோஸ் என்ற வகையில் பீன்ஸைப் பாலோடு அரைத்து, வெண்ணெயோ பன்றிக்கொழுப்போ சேர்த்து, உலர்மிளகாயும் இழுபடும் சீஸும் போட்டு நெடுநேரம் கிளறுவார்கள். வெண்ணெயில் 16 சதவீதம் அளவுக்கு நீரும் சிறிது பால்திடமும் உண்டு. நீர் சடசடத்து அடங்கி, திடப்பொருள் பழுப்பாகும்வரை பொறுத்தால் கொட்டைப்பருப்பின் மணம் வரும். அதற்குப் பிறகு பீன்ஸைப் போட வேண்டும். நெய்யில் இந்தப் பழுப்பு மணம் முன்பே ஏறியிருப்பதால் வேலை எளிது. உறையும் தன்மையிலும் அது பன்றிக்கொழுப்பை நெருங்கும். சைவ வீட்டில் வெளிர்நிறப் பீன்ஸுக்கு நெய்யே சிறந்தது. ஆனால் பாதி நெய், பாதி மணமற்ற எண்ணெய் என்று கலப்பது நலம். முழுக்க நெய்யானால் பருப்புக் குழம்பின் வாடை வந்துவிடும்.

திரவ எண்ணெய்களில் செய்தால் பீன்ஸ் ஆறிய பிறகும் தளர்வாக, பரப்புவதற்கு எளிதாக இருக்கும். மெக்சிகோ நகர வீடுகளில் இன்று மக்காச்சோள எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் சாதாரணம். இவற்றுக்குச் சொந்த மணம் இல்லை என்பதால் மணத்தை வேறு வழியில் ஏற்ற வேண்டும். அதற்குத் தென்மெக்சிகோ வீடுகளில் ஒரு பழைய உத்தி உண்டு. தடித்த வெங்காய வளையங்களை எண்ணெயில் போட்டு, பொன்னிறம் தாண்டி, கபிலம் தாண்டி, ஏறக்குறைய கருகும்வரை வறுத்து, வெங்காயத்தை எடுத்து எறிந்துவிட்டு, அந்த எண்ணெயில் பீன்ஸைக் கொட்டுவது. எண்ணெயில் செய்ததா கொழுப்பில் செய்ததா என்று சந்தேகிக்கும் அளவுக்கு ஆழம் வரும். இறைச்சி மணத்தைப் போலியாகக் கொண்டுவரச் செயற்கைப் புகைச்சாறு ஊற்றுவதைவிட இது எவ்வளவோ நேர்மையான வழி.

மற்ற எண்ணெய்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். சுத்திகரித்த அவகாடோ எண்ணெய் மணமற்றது, அதிகச் சூடு தாங்கும், விலைதான் தாங்காது. ஆலிவ் எண்ணெயின் பச்சைக் கசப்பு கறுப்புப் பீன்ஸோடு ஒத்துப்போகும், பிண்டோவோடு முரண்படும். செக்குக் கடலை எண்ணெய் எதிர்பாராத அளவுக்குப் பொருத்தம். வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டத்தின் பயிரே. தேங்காய் எண்ணெய் 24 பாகையில் உருகுவதால் தமிழ்நாட்டில் பெரும்பாலான நாள்களில் இறுகாது. அதன் மணமோ பீன்ஸை விழுங்கிவிடும். நல்லெண்ணெயில் செய்தது சுவையாக இருக்கலாம், ஆனால் மெக்சிகோக்காரர் அதை அடையாளம் காணமாட்டார்.

வனஸ்பதிக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. 1911இல் அமெரிக்காவின் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் பருத்திவிதை எண்ணெயை ஹைட்ரஜனேற்றி கிரிஸ்கோ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. மலிவு, கெடாது என்ற இரு காரணங்களால் இவ்வகைக் கொழுப்பு பல நாடுகளின் சமையலறைகளில் விலங்குக்கொழுப்பின் இடத்தைப் பிடித்தது. பாதி ஹைட்ரஜனேற்றத்தில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு இதய நோய்க்கு வழிவகுக்கும் என்று தெளிவானபின் நிலைமை மாறியது. 2015இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அத்தகைய எண்ணெய்களுக்கு அளித்திருந்த பாதுகாப்பு மதிப்பை விலக்கிக்கொண்டது. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உடல்நலக் கணக்கை ஒதுக்கிவிட்டுச் சுவையை மட்டும் பார்த்தாலும் வனஸ்பதிக்கு இந்த உணவில் இடமில்லை.

உடல்நலக் கணக்கு மற்ற கொழுப்புகளுக்கும் உண்டு. 100 கிராமில் நிறைவுற்ற கொழுப்பு பன்றிக்கொழுப்பில் ஏறத்தாழ 39 கிராம், வெண்ணெயில் 51, நெய்யில் 60க்கு மேல், தேங்காய் எண்ணெயில் 80க்கு மேல், ஆலிவ் எண்ணெயில் 14. பெயரால் அஞ்சப்படும் பன்றிக்கொழுப்பு வெண்ணெயைவிட இந்த வகையில் மெலிந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஆயினும் எந்தக் கொழுப்பானாலும் ஒரு மேசைக்கரண்டிக்கு 100 முதல் 125 கலோரி. வெந்த பீன்ஸில் இயல்பாகக் கொழுப்பு ஒரு சதவீதம்கூட இல்லை. ஆகவே தட்டில் சேரும் கொழுப்பு ஏறத்தாழ முழுவதும் சமைப்பவர் கை ஊற்றியதே.

அளவு: 250 கிராம் உலர்ந்த பீன்ஸுக்குப் பழைய வழக்கப்படி 5 முதல் 6 மேசைக்கரண்டி கொழுப்பு. அன்றாட வீட்டுச் சமையலுக்கு மூன்று போதும். இரண்டுக்குக் கீழே போனால் அது மசித்த பீன்ஸ் மட்டுமே. சட்டியில் கொழுப்பைக் காயவிட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை ஓரம் சிவக்க வதக்க வேண்டும். ஒரு கரண்டி பீன்ஸும் அதன் நீரும் சட்டியில் விட்டு, கட்டைமத்தால் அங்கேயே மசித்து, அடுத்த கரண்டி. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் கொழுப்பு நன்கு பிணையும். மிக்சியில் ஒரேயடியாக அரைத்தால் செல்கள் உடைந்து பசைத்தன்மை கூடிவிடும். யுகடானில் பீன்ஸை அரைத்து வடிகட்டிப் பிறகு வறுப்பது விதிவிலக்கு. அங்கே வேண்டுவது பசையற்ற மசியல் அல்ல, பட்டுக்கூழ். நடுத்தரத் தீயில் 10 முதல் 15 நிமிடம் அடி சுரண்டிக் கிளற வேண்டும். ரொட்டியில் தடவ வேண்டுமென்றால் தளர்வாக இறக்கலாம். வெராக்ரூஸ் பாணியில் வேண்டுமென்றால், அல்வா பதத்தில் சட்டியைவிட்டு மொத்தமாக விலகும்வரை காத்திருந்து, சட்டியைச் சாய்த்துக் குலுக்கி உருளையாக்கித் தட்டில் சரிக்கலாம். உருளை உடையாமல் நிற்க உறையும் கொழுப்பே உதவும். திரவ எண்ணெயில் அது அரைகுறையாகவே அமையும்.

ஆறும்போது மாவுச்சத்தும் கொழுப்பும் சேர்ந்து இறுகுவதால், விருப்பமான பதத்துக்குச் சற்று முன்பே அடுப்பை அணைத்துவிட வேண்டும். கடையில் டப்பாவாக வாங்குவோர் உறையைப் படிப்பது நல்லது. மரபுவகை என்று விற்பவை பலவற்றில் பன்றிக்கொழுப்பு உண்டு. சைவருக்கும் இஸ்லாமியருக்கும் தனிக் குறியீடுள்ள வகைகள் இருக்கின்றன. உணவகத்திலும் கேட்டுவிட்டே உண்ண வேண்டும், கண்ணால் பார்த்து எண்ணெயா கொழுப்பா என்று சொல்ல முடியாது.

சமைத்த பீன்ஸை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. ஈரமும் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்த உணவில் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் 3 அல்லது 4 நாள் தாங்கும். மறுபடி சூடாக்கும்போது முதலில் செய்த அதே கொழுப்பில் ஒரு தேக்கரண்டியும், எடுத்து வைத்த பீன்ஸ் நீர் சிறிதும் சேர்த்து, நன்கு ஆவி பறக்கும்வரை கிளற வேண்டும்.